மிச்சம் எங்கே போச்சு?

மண்ணச்சநல்லூர் என்றதும் திருச்சிக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பொன்னி அரிசி. கொள்ளிடத்தைத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியாகத் துறையூர் ரோட்டில் போனால் ரைஸ் மில்கள், நெல் காயும் களங்கள், அவித்த நெல்லின் வாசனை. சமயபுரத்து மாரியம்மனும் இதே தாலுகாதான்.

இந்த மாதிரி நெல் ஊர்களில் எடைத் தராசு வந்து உட்காருவதற்கு முன்னால் மரக்கால்தான் ராஜா. அளக்கிறவர் 'ஒன்று' என்று ஆரம்பிக்க மாட்டார். 'லாபம்' என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு எல்லாம். மரக்காலை நெல்லில் முக்கி எடுத்தால் வாய்க்கு மேலே குவியலாக நிற்கும். அந்தக் குவியலோடு ஒரு மரக்காலா, அல்லது கையால் வழித்துத் தலை தட்டி ஒரு மரக்காலா? வித்தியாசம் ஒரு பிடிதான். ஆனால் ஆயிரம் மரக்கால் அளந்தால் ஆயிரம் பிடி! குத்தகை நெல்லை வாங்கிக் கொள்ளும்போது குவித்து, கூலி நெல்லைக் கொடுக்கும்போது வழித்து அளந்தால், மரக்காலும் மாறவில்லை, எண்ணிக்கையும் தப்பவில்லை, ஏழையின் வயிறு மட்டும் காயும். கணக்குப் பிழைகளின் சரித்திரத்தைப் புரட்டினால், முக்கால்வாசி இந்த ஒரு பிடி மிச்சத்தின் சரித்திரம்தான்.

கம்ப்யூட்டரும் தலை தட்டி அளக்கிற ஜாதி. நம்ப முடியவில்லையா?

மண்ணச்சநல்லூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருச்சி கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வருடம். 'சி' மொழி கற்றுக்கொள்கிறான். அவனுக்குத் தெரிந்த கணக்கையே புரோகிராமாக எழுதிப் பார்க்கிறான். நெல்லை அரைத்தால் எவ்வளவு அரிசி? அரசாங்கக் கொள்முதலில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவுகோல் புழுங்கலுக்கு 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி, பச்சரிசிக்கு 67. பையன் புழுங்கலை எடுத்துக்கொண்டு ஒரே வரியில் எழுதுகிறான்: 68-ஐ 100-ஆல் வகு, அதை 500 கிலோ நெல்லால் பெருக்கு. ஆறாம் வகுப்புக் கணக்கு. விடை 340 வரவேண்டும்.

ஸ்க்ரீனில் வந்த விடை: 0.

ஐந்நூறு கிலோ நெல்லை அரைத்து ஒரு பொட்டு அரிசி இல்லை!

மெஷின் கெட்டுப்போகவில்லை. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். 68-ஐ 100-ஆல் வகுத்தால் 0.68. அதில் முழு எண் பாகம் பூஜ்யம். பாக்கி 0.68-ஐத் தலை தட்டித் தள்ளியாயிற்று. பூஜ்யத்தை 500-ஆல் பெருக்கினால் என்ன, ஐந்து லட்சத்தால் பெருக்கினால் என்ன? கிட்டத்தட்ட முக்கால் பங்கைத் தூக்கிக் கடாசிவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள், அதுதான் விஷமம். இலக்கணப் பிழை இருந்தால் கம்பைலர் கத்தும். செமிகோலன் விட்டுப்போனால் கத்தும். அரிசி காணாமல் போனால் கத்தாது.

இந்த மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி இதை மறைக்கவில்லை. அமெரிக்காவில் பெல் லேபரட்டரீஸில் 1972 வாக்கில் அவர் சி-யைச் செய்தபோது கையில் இருந்தவை இன்றைய மலிவு செல்போனைவிடச் சொற்பமான மெமரி கொண்ட மெஷின்கள். முழு எண் கணக்கு அவற்றுக்குச் சுலபம், வேகம். பின்னக் கணக்கு பெரும் சுமை. ஆகவே கேட்டால் ஒழியப் பின்னம் கிடையாது என்று வைத்தார்கள். 1978-ல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய புகழ்பெற்ற பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இந்தப் பள்ளம் காட்டப்பட்டிருக்கிறது. ஃபாரன்ஹீட்டை செல்ஷியஸாக மாற்றும் உதாரணம். ஐந்தை ஒன்பதால் முதலில் வகுத்தால் பூஜ்யமாகிவிடும், ஆகவே முதலில் பெருக்கு, கடைசியில் வகு என்று ஆசிரியர்களே கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக முதல் அத்தியாயத்தில் இருக்கிற எச்சரிக்கை. இன்றும் ஒவ்வொரு பேட்ச்சிலும் பாதிப் பேர் அதே பள்ளத்தில் இறங்கித்தான் ஏறுகிறார்கள்.

ஆரம்பப் பாடம் படிக்கிறவர்கள் மட்டும்தானா? கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண் தொடங்கியது. நம் சென்செக்ஸ் மாதிரி. ஆரம்ப மதிப்பு 1000. பங்கு கைமாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் புது மதிப்பைக் கணக்கிடும். நாளொன்றுக்கு ஏறக்குறைய மூவாயிரம் தடவை. தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். கவனியுங்கள், பக்கத்து எண்ணுக்குச் சரிசெய்யவில்லை. வெட்டல். ஒவ்வொரு வெட்டிலும் போவது சராசரியாக ஆயிரத்தில் அரைப் பங்கு. யார் கண்ணில் படும்? ஆனால் மூவாயிரம் தடவை வெட்டினால் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை புள்ளி. மாதத்துக்கு இருபத்தைந்து புள்ளிக்குக் குறையாமல் கரைந்தது. பங்குகள் நன்றாக விலை போகின்றன, குறியீட்டெண் மட்டும் சரிந்துகொண்டே இருக்கிறது. 1983 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அது 524.811-ல் நின்றது. சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை குறியீட்டெண் 1098.892!

பாதிக்கு மேல் மிச்சத்தில் போயிருந்தது. இருபத்திரண்டு மாதம், யாரும் திருடவில்லை.

நம் பையனிடம் திரும்புவோம். புத்தகம் சொன்னபடி வரியை மாற்றி எழுதுகிறான். முதலில் 68-ஐ 500-ஆல் பெருக்கு, பிறகு 100-ஆல் வகு. ரொம்பச் சரி. ஓட்டிப் பார்க்கிறான்.

விடை: மைனஸ் 315.

இது டர்போ சி-யின் கைங்கரியம். போர்லண்ட் கம்பெனி 1987-ல் வெளியிட்ட நீலத்திரை மென்பொருள். உலகம் அதை மறந்து வெகு காலமான பிறகும், 2010-ஐத் தாண்டியும், நம் ஊர்க் கல்லூரி லேப்களில் பலவற்றில் அதுதான் குலதெய்வம். அதில் 'இன்ட்' என்று அறிவித்த எண்ணுக்குப் பதினாறு பிட் இடம்தான். 32,767 வரை எண்ணும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 காட்டுமே, அந்த மாதிரி இது 32,767-க்குப் பிறகு மைனஸ் 32,768-க்குக் குதித்துவிடும். 68 பெருக்கல் 500 என்பது 34,000. எல்லையைத் தாண்டியாயிற்று. அதிலிருந்து 65,536-ஐக் கழித்தால் மைனஸ் 31,536. நூறால் வகுத்து, வழக்கம்போல் தலை தட்டினால் மைனஸ் 315. நெல்லையும் கொடுத்து, மேற்கொண்டு 315 கிலோ அரிசி கடன்!

ஒரு பிழையைத் திருத்தப்போய் இன்னொரு பிழை கிளம்புவது இந்தத் தொழிலில் சகஜம். அதே 32,767 ஒரு ராக்கெட்டையே சாப்பிட்டிருக்கிறது. ஐரோப்பியர்களின் ஏரியான்-5, 1996 ஜூன் 4-ம் தேதி, தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதல் தடவையாகக் கிளம்பி, முப்பத்தேழாவது நொடியில் தடுமாறி, வெடித்துச் சிதறியது. உள்ளே நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள். வேகம் சம்பந்தமான ஒரு பெரிய பின்ன எண்ணைப் பதினாறு பிட் முழு எண்ணுக்குள் திணிக்கப் பார்த்தது புரோகிராம். இடம் பத்தவில்லை. அது ஏரியான்-4-க்காக எழுதப்பட்டு, அங்கே பிரச்னையில்லாமல் ஓடிய பகுதி. புது ராக்கெட்டுக்கு வேகம் அதிகம், அவ்வளவுதான். ஒன்று பழுதானால் உதவட்டும் என்று இரண்டாவது கம்ப்யூட்டரும் வைத்திருந்தார்கள். அதிலும் அதே புரோகிராம், அதே திணிப்பு, அதே மரணம். இந்த ரகக் கோளாறில் இன்னொன்று இனிமேல்தான் வரவேண்டும்: முப்பத்திரண்டு பிட்டில் 1970-லிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்கள், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்குப் பிறகு 1901-க்குப் போய்விடும்.

சரி, மிச்சத்தைத் தூக்கியெறியாத கணக்கர்கள் யாராவது இருந்தார்களா? இருந்தார்கள். மண்ணச்சநல்லூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். தஞ்சாவூர்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜ சோழன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. படிக்கச் சுவாரஸ்யமே இருக்காது. ஆனால் கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பார்த்தால் பிரமிப்பு. இன்ன ஊர், மொத்த நிலம் இவ்வளவு. அதில் குடியிருப்பு, குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரி, சுடுகாடு எல்லாவற்றையும் நீக்கி, மிச்ச நிலம் இவ்வளவு, அதற்கு வரவேண்டிய நெல் இவ்வளவு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த மிச்சத்தைச் சொல்லும் விதம்தான் விசேஷம். வேலி என்பது அளவு. அதற்குக் கீழே முக்கால், அரை, கால், மா, காணி என்று இறங்கி முந்திரிகை வரை வருவார்கள். ஒரு முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அங்கே நிற்க மாட்டார்கள். 'கீழ்' என்று ஒரு வார்த்தை போட்டு, அந்த முந்திரியையே புது ஒன்றாக வைத்துக்கொண்டு, மறுபடி அரை, கால், மா, காணி, முந்திரி. மறுபடி கீழ். ஒவ்வொரு கீழுக்கும் 320 மடங்கு சின்னதாகிக்கொண்டே போகும். தசமப் புள்ளி இல்லாமலே தசமப் புள்ளி செய்கிற வேலையை அந்த ஒரு வார்த்தை செய்தது.

இப்படி இறங்கி இறங்கி, ஒரு வேலியில் 52,428,800,000-ல் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு போயிருப்பதைச் சரித்திர ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஐயாயிரத்து இருநூறு கோடிக்கும் மேல்! சோழர்கள் அவ்வளவு துல்லியமாக நிலம் அளந்தார்கள் என்று மேடைகளில் மார்தட்டுவதையும் கேட்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு வேலி என்பது இன்றைய வழக்கில் சுமார் 6.67 ஏக்கர். அதை ஐயாயிரத்துச் சொச்சம் கோடியால் வகுத்தால் வருவது அரை சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணி படுக்கக்கூட இடம் காணாது. எந்தக் கோலாலும் வயலில் அதை அளந்திருக்க முடியாது. வயலில் அளந்தது கோலால், கயிற்றால். பிறகு பெருக்கி, வகுத்து, கழித்தபோது வந்த மிச்சம் அது. என் வியப்பு அவர்கள் அளந்ததில் இல்லை. வகுத்தலில் வந்த மிச்சத்தை, அது எவ்வளவு அற்பமானாலும், 'போகட்டும்' என்று தள்ளக் கை வரவில்லை பாருங்கள், அதில்தான். அந்த எண்ணை இன்றைய முப்பத்திரண்டு பிட் 'இன்ட்'டில் போட்டால்கூடக் கொள்ளாது. அதன் உச்சவரம்பே 2,147,483,647 தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று தலைகீழாக ஒப்பித்தார்கள். நெல்லிலக்கம் என்றால் தானிய அளவை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஒரு கலத்துக்கு 96 நாழி. இதில் பின்னம் என்கிற பேச்சே இல்லை. அரை நாழி என்று யோசிக்க வேண்டாம், ஒரு உரி என்று சொல். சின்ன அளவுக்கு இறங்கிவிட்டால் எல்லாம் முழு எண். இந்தத் தந்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

தமிழ்ப் பின்னங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போவது ஒன்று. மா, காணி, முந்திரி என்பது இன்னொன்று. 20-ல் ஒன்று, 80-ல் ஒன்று, 320-ல் ஒன்று. கம்ப்யூட்டருக்கு முதல் குடும்பம் சொந்தக்காரர்கள். பாதியின் பாதி, அதன் பாதி என்றுதான் அதற்குப் பின்னமே தெரியும். இரண்டாவது குடும்பத்தில் ஐந்து என்ற எண் ஒளிந்திருப்பதால், அவர்களில் ஒருவரையும் அதற்குச் சரியாக அடையாளம் தெரியாது. தமாஷ் என்னவென்றால், மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி. அதாவது வீசம். பதினாறில் ஒன்று. தனித்தனியே பிடிபடாத இருவரும் கூட்டுச் சேர்ந்தால் கச்சிதமாகப் பிடிபட்டுவிடுவார்கள்!

ரூபாய்க்குப் பதினாறு அணா என்று இருந்த காலத்தில் ஓரணா சாட்சாத் வீசம்தான். 1957 ஏப்ரல் 1-ம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று அரசாங்கம் மாற்றியது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு அணாவுக்கு எத்தனை நயா பைசா? ஆறேகால். கால் பைசா என்று நாணயம் கிடையாது. என்ன செய்வது? பக்கத்து முழு எண்ணுக்குச் சரிசெய், அரையாக இருந்தால் விட்டுவிடு என்று பட்டியல் போட்டார்கள். ஓரணாவுக்கு 6. ரெண்டணாவுக்குப் பன்னிரண்டரை வரவேண்டும், 12. மூணணாவுக்குப் பதினெட்டே முக்கால் வரவேண்டும், 19. நாலணாவுக்கு மட்டும் சுத்தமாக 25.

வணிகவியல் படித்தவனுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஓரணா ஓரணாவாகப் பதினாறு தடவை மாற்றினால் 96 பைசாதான் வரும். நாலு பைசா காற்றில் போய்விடும். அதையே நாலணா நாலணாவாக மாற்றினால் முழு ரூபாய். பழைய காசும் புதுக் காசும் சில வருடம் சேர்ந்தே புழங்கின. டீக்கடையில் ஓரணா ஓரணாவாகச் செலவழிக்கிறவன் யார், மொத்தமாக நோட்டு நீட்டுகிறவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். சட்டத்தில் பாரபட்சம் ஒன்றும் இல்லை. 'பக்கத்து எண்' என்கிற ஒற்றை விதிதான். கூட்டலுக்கு முன்னால் சரிசெய்கிறாயா, பின்னால் சரிசெய்கிறாயா என்பதில் நாலு பைசா இருக்கிறது.

வீசத்தை விட்டுப் பத்தில் ஒன்றுக்கு நாம் வந்துவிட்டோம். ஆனால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் வீசத்தோடு நின்றுவிட்டன. அவற்றிடம் பத்தில் ஒரு பங்கு கேட்டால், ஒரு வீசம் போடும், கூட அரை வீசம் போடும். இன்னும் கொஞ்சம் குறைகிறது என்று 256-ல் ஒன்று, 512-ல் ஒன்று... இப்படிப் போட்டுக்கொண்டே போகும், ஒருநாளும் முடியாது. நாம் மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதிக் களைத்துப்போவது மாதிரி. எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். அதனால்தான் நம் பையன் பின்ன எண்ணுக்கு மாறி 0.29-ஐ நூறால் பெருக்கி முழு எண்ணில் போட்டுப் பார்த்தால் 28 என்று வரும். உள்ளே இருந்தது 28.99999 சொச்சம். தலை தட்டியதில் 28.

ஒரு பைசாதானே என்று சிரிக்கலாம். வளைகுடா யுத்தத்தில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், இராக்கின் ஸ்கட் ஏவுகணைகளை வானத்திலேயே அடித்து வீழ்த்துவதற்காக அமெரிக்கர்கள் பேட்ரியாட் என்ற எதிர் ஏவுகணைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணும். எண்ணிக்கை முழு எண், அதில் பிழையே இல்லை. அதை நொடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்கும். அங்கேதான் வினை. 24 பிட் இடத்தில் 0.1-ஐ வெட்டி வைத்திருந்தார்கள். பிழை ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனால் மெஷினை அணைக்காமல் ஓட்ட ஓட்ட, ஒவ்வொரு பத்தில் ஒரு நொடிக்கும் அந்தத் துளி சேர்ந்துகொண்டே போகும். நூறு மணி நேரம் ஓடினால் மூன்றில் ஒரு நொடி. ஸ்கட் ஒரு நொடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். மூன்றில் ஒரு நொடி தப்பினால் வானத்தில் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கும்.

இஸ்ரேல்காரர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். எட்டு மணி நேரம் ஓடினாலே குறி நகர்கிறது என்று 1991 பிப்ரவரி 11-ம் தேதி தகவல் கொடுத்தார்கள். அமெரிக்க இன்ஜினீயர்கள் புரோகிராமைத் திருத்தவும் செய்தார்கள். 21-ம் தேதி படைகளுக்கு ஒரு செய்தி போனது: ரொம்ப நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி நகரக்கூடும். 'ரொம்ப நேரம்' என்றால் எத்தனை மணி? அதைச் சொல்லவில்லை. ஒன்றரை நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி போட்டிருந்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கி எல்லாம் சரியாகியிருக்கும். 25-ம் தேதி இரவு, மெஷின் நூறு மணி நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கட் வந்தது. பேட்ரியாட் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஏவுகணை ராணுவ வீரர்கள் தங்கியிருந்த கொட்டகையில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். திருத்திய புரோகிராம் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ம் தேதி. மறுநாள்.

அந்த 28 பேரில் யாருக்கும் 0.1 என்பது இரட்டை எண்முறையில் முடிவில்லாத பின்னம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருக்கவும் தேவையில்லை. 'எட்டு மணிக்கு ஒருதடவை அணை' என்று செய்தியில் ஒரு எண் இருந்திருந்தால் போதும்.

இந்தப் பிழைகளைக் கண்டுபிடிப்பது எப்படி? கம்ப்யூட்டர்க்காரர்கள் 'டீபக்கிங்' என்று பெயர் வைத்து ஏதோ தங்கள் கண்டுபிடிப்பு மாதிரி பேசுவார்கள். 1947-ல் ஹார்வர்டு மெஷின் ஒன்றில் விட்டில் பூச்சி சிக்கிய கதையையும் சொல்வார்கள். கோளாறைப் பூச்சி என்று சொல்வது அதற்கும் முந்தியது, எடிசனே 1870-களில் எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் இந்த வித்தையில் குரு நம் கடைவீதிக் கணக்குப்பிள்ளைகள்தான். வருட முடிவில் ஐந்தொகை போடுகிறார்கள். பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை. முதலில் அந்த வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகம். 5,400-ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900, ஒன்பதால் வகுபடும். எந்த இரண்டு இலக்கத்தை மாற்றினாலும் வகுபடும். இல்லையா, அடுத்து வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பேரேட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் பற்றில் எழுதவேண்டியதை வரவில் எழுதியிருக்கிறான் பாவி. அதுவும் இல்லையென்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் ஏற்றிவிட்டுத் தேடலைத் தொடர்வார்கள். மிச்சத்துக்கு ஒரு பெயர் வைத்து, ஒரு பக்கம் ஒதுக்கி, கண்ணில் படும்படி வைத்துவிடுகிறார்கள். சி மொழி இதைத்தான் செய்வதில்லை.

ஆகவே அந்தப் பையன் செய்யவேண்டியதும் அதேதான். நீளமான வரியை உடைத்து, நடுநடுவே என்ன வருகிறது என்று பிரின்ட் போட்டுப் பார்ப்பது. '68 வகுத்தல் 100' மட்டும் தனியாகப் போட்டால் பூஜ்யம் கண் முன்னால் நிற்கும். விடை மனசில் தெரிகிற சின்ன எண்ணை, 100 கிலோவை, முதலில் போட்டுப் பார்ப்பது. பிறகு உள்ளதிலேயே பெரிய மூட்டைக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது. கழித்தல் குறி வந்தால் இடம் பத்தவில்லை என்று அர்த்தம், 'லாங்' என்று அறிவித்துவிட்டால் 340 வந்துவிடும். பணக் கணக்கென்றால் ரூபாயைப் பின்னமாக வைக்காமல், எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் எழுதுவது. விவரம் தெரிந்த புரோகிராமர்கள் இன்று இப்படித்தான் செய்கிறார்கள். நெல்லிலக்கத்துக் குறும்பு ஞாபகம் இருக்கிறதல்லவா? அரை நாழி என்காதே, ஒரு உரி என்று சொல்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே மாதம் எட்சாக் என்ற கம்ப்யூட்டரை ஓடவைத்தவர் மாரிஸ் வில்க்ஸ். முதல் முதலாக ஓட்டியது சுலபமான வர்க்கப் பட்டியல். அது சரியாக வந்தது. அடுத்து ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்காக அவரே ஒரு புரோகிராம் எழுதினார். மொத்தம் 126 வரி. அதில் ஏறக்குறைய இருபது தவறுகள். நாடாவில் துளை போடும் மெஷினுக்கும் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்தபோது, தன் மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி தன்னுடைய சொந்தப் புரோகிராம்களில் தப்பு தேடுவதிலேயே போகப்போகிறது என்று பளிச்சென்று உறைத்ததாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 35. 2010-ல் இறந்தபோது 97.